ஆறடி இடமும் அப்யாசமும்

புனே நகரின் பழைய பகுதிகளான சதாசிவ் பேட், நாராயண் பேட் தெருக்களில் நடந்து செல்பவர் 'அப்யாசிகா' என்ற பெயர்ப்பலகையை அடிக்கடி காணலாம். உள்ளே வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. மாதக் கட்டணம் செலுத்திய மாணவர்கள் அங்கே அமர்ந்து நள்ளிரவு வரை படிக்கிறார்கள். அவர்களில் பலர், அரசுப் பணித் தேர்வுகளை எழுதுவதற்காக மகாராஷ்டிரத்தின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மராத்தி மொழியில் 'அப்யாஸ்' என்றால் படிப்பு. பதஞ்சலி முனிவர் தமது யோக சூத்திரத்தில் மன அலைகளை அடக்குவதற்கு இரண்டு வழிகளைக் கூறுகிறார். ஒன்று அப்யாசம், மற்றொன்று வைராக்கியம். ஒரே சொல் அந்தத் தெருவில் தேர்வுக்கான படிப்பையும், சூத்திரத்தில் யோகப் பயிற்சியையும் குறிக்கிறது. படிப்புக்கு ஒரு மேசையை வாடகைக்கு எடுத்துவிட்ட மாணவர், பயிற்சிக்கு என்ன செய்வார்?

பீட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தந்தைக்குச் சில ஏக்கர் மானாவாரி நிலம். பருத்தியும் சோயாவும் பயிர். மழை பெய்தால் ஊரிலிருந்து பணம் வரும். பொய்த்தால், 'இந்த மாதம் எப்படியாவது சமாளித்துக்கொள்' என்ற செய்தி வரும். நகரில் அவருக்குக் கிடைத்திருப்பது ஓர் அறை அல்ல, அறையில் ஒரு கட்டில் மட்டுமே. 'காட் பேசிஸ்' என்று அந்த ஏற்பாட்டை அழைக்கிறார்கள். மூன்று கட்டில்கள், மூன்று தகரப் பெட்டிகள், சுவரில் ஒரு கொடி. நடுவே எஞ்சியிருப்பது ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட தரை. பள்ளி நாட்களில் கற்ற ஆசனங்களையும் பிராணாயாமத்தையும் விட்டுவிடக் கூடாது என்ற விருப்பம் அவருக்கு உண்டு. அருகில் ஒரு யோக வகுப்பும் நடக்கிறது. ஆனால் அதன் கட்டணத்தைக் கேட்டதும், மெஸ்ஸுக்குக் கட்டும் தொகையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துத் திரும்பிவிடுகிறார். 'வேலை கிடைத்தபின் சேர்ந்துகொள்ளலாம்' என்று முடிவு செய்கிறார்.

யோகத்தைக் கைவிட்டுவிட்டதாக அவர் அப்போது எண்ணுவதில்லை. ஒத்திவைத்ததாகவே எண்ணுகிறார். ஆராய வேண்டியது இந்த ஒத்திவைப்பைத்தான்.

ஒன்பது தடைகள்

யோகத்துக்கு வரும் இடையூறுகளைப் பதஞ்சலி முதல் பாதத்தில் ஒன்பதாகக் கணக்கிடுகிறார்: நோய், மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், புலன் நாட்டம், பிறழ்ந்த காட்சி, உரிய நிலையை எட்டாமை, எட்டிய நிலையில் நிலைக்காமை. இந்தப் பட்டியலை நிதானமாகப் படிப்பவருக்கு ஒன்று புலப்படும். இதில் வறுமை இல்லை. அவர் காலத்தில் ஏழைகள் இல்லாமலா இருந்தார்கள்? பொருள் இல்லாமையை அவர் ஒரு தனித் தடையாகக் கருதவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதைப் பிடித்துக்கொண்டு, 'ஏழ்மை யோகத்துக்கு நல்லது' என்று பேசத் தொடங்குவது தவறு. அப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வயிறார உண்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள். வறுமை பட்டியலில் இல்லை என்பது உண்மை. ஆனால் பட்டியலில் உள்ள வாசல்கள் வழியாக அது உள்ளே நுழைய முடியும். முதல் வாசல் நோய். மூன்றாவது வாசல் ஐயம். போதிய உணவும் உறக்கமும் இன்றி உடல் நலிந்தால் நோய் வருகிறது. 'என்னிடம் விரிப்பு இல்லை, ஆசிரியர் இல்லை, தனியறை இல்லை. நான் செய்வதெல்லாம் யோகமாகுமா?' என்ற எண்ணத்தின் வழியே ஐயம் வருகிறது. மாணவர் காவல் காக்க வேண்டியவை இந்த இரண்டு வாசல்கள்தாம்.

உணவில் கை வைக்கலாகாது

முதல் வாசலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஆர்வமுள்ள மாணவர்களே இங்கு அதிகம் தவறு செய்கிறார்கள். வகுப்புக் கட்டணத்துக்காக இரவு டப்பாவை நிறுத்திவிட்டு, இரண்டு வடாபாவோடு படுத்துக்கொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள். அதைத் தவம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளவும் செய்கிறார்கள். பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் இதற்கு இடம் தருவதில்லை. மிகுதியாக உண்பவனுக்கு யோகம் கைகூடாது என்று கூறும் அதே இடத்தில், உண்ணாதிருப்பவனுக்கும் கைகூடாது என்று அது கூறுகிறது. உறக்கத்துக்கும் அதே அளவுகோல்தான்.

ஹடயோகப் பிரதீபிகை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. மிதாகாரம் என்ற சொல்லைக் கேட்டதும் குறைவாக உண்பது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அந்த நூல் கூறும் மிதாகாரம், நெய்ப்பசையும் இனிமையும் உள்ள உணவை வயிற்றில் கால் பங்கு இடம் விட்டு உண்பது. முக்கால் வயிறு நிறைய வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. பயிற்சியைத் தொடங்குபவர் தவிர்க்க வேண்டியவற்றுள் பட்டினியையும், அதிகாலைக் குளியலையும், உடலை வருத்தும் செயல்களையும் அந்நூல் சேர்த்துச் சொல்கிறது. டிசம்பர் மாதப் புனேயில் வெந்நீர் கிடைக்காமல், ஐந்து மணிக்குக் குளிர்ந்த நீரில் நடுங்கியபடி குளித்தால்தான் யோகம் செய்யும் தகுதி வரும் என்று எண்ணும் மாணவருக்கு இது ஓர் ஆறுதல். முகம் கை கால் கழுவிக்கொண்டு அமரலாம்.

ஆகவே கணக்குப் பார்க்கும்போது மெஸ் கட்டணத்தை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். யோகத்துக்கென்று அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கலாகாது. மராட்டிய கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊர் உணவின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சோள பாக்ரியும், கடலைமாவில் செய்த பிட்லாவும் நகரத்துச் சிற்றுண்டிக் கடைகள் தருவதைவிட நெடுநேரம் தாங்கும். இரவில் ஊறவைத்த ஒரு கைப்பிடிக் கடலையோ, வேர்க்கடலையும் வெல்லமுமோ பயிற்சி முடிந்து சிறிது நேரம் கழித்து உண்பதற்குப் போதும். முந்தைய இரவு உணவு கிடைக்காமல் போன நாளில் சூரிய நமஸ்காரம் வேண்டாம். தலை சுற்றல் இருந்தால் ஆசனங்களும் வேண்டாம். அன்று அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனிப்பதே அந்த நாளின் முழுப் பயிற்சி. அதனால் தொடர்ச்சி அறுந்துபோகாது.

உறக்கமும் இங்கே கணக்கில் வருகிறது. இரவு ஒரு மணி வரை அப்யாசிகாவில் இருந்துவிட்டு, பிரம்ம முகூர்த்தம் என்று நான்கரைக்கு எழுபவர் தமது உறக்கத்தையே பறித்துப் பயிற்சிக்குக் கொடுக்கிறார். இரண்டு வாரங்களில் உடல் அதைத் திரும்பக் கேட்கும். அப்போது பயிற்சியும் போகும், படிப்பும் தளரும். அதிகாலை சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரவு நெடுநேரம் படித்தே தீர வேண்டிய மாணவருக்கு, மாலை ஆறு மணி, இரவு உணவுக்கு முன்பான நேரம், முற்றிலும் தகுந்தது. நண்பகல் உணவுக்குப்பின் நான்கு மணி நேரம் கடந்திருக்கும். வயிறும் காலியாக இருக்கும்.

கட்டணத்தால் கிடைப்பது

இரண்டாவது வாசலாகிய ஐயத்துக்கு வருவோர், ஒரு கேள்வியை நேராகக் கேட்டுக்கொள்வது நல்லது. கட்டணம் செலுத்துபவர் அதற்கு ஈடாக எதைப் பெறுகிறார்? கூடமும் விரிப்பும் அற்பம். அவர் பெறுவது ஒரு குறித்த நேரம். தவறைக் கண்டு திருத்தும் ஒரு கண். உடன் பயிலும் சிலர். இவற்றுக்கு மேல், சொல்லப்படாத ஒன்றும் உண்டு. பணம் கட்டிவிட்டதால், போகாமல் இருக்க மனம் வருகிறதில்லை. பயிற்சி மதிப்புள்ளது என்ற எண்ணத்தை அந்தத் தொகையே அவருக்குத் தந்துவிடுகிறது.

பதஞ்சலி, அப்யாசம் உறுதிப்படுவதற்கு மூன்று நிபந்தனைகள் விதிக்கிறார். நீண்ட காலம் செய்ய வேண்டும். இடைவிடாமல் செய்ய வேண்டும். 'ஸத்காரத்'தோடு செய்ய வேண்டும். ஸத்காரம் என்ற சொல் வீட்டுக்கு வந்த விருந்தினரை மதித்து வரவேற்பதற்கும் வழங்குவது. கட்டணம் செலுத்த இயலாத மாணவர் ஈடு செய்ய வேண்டியது இந்த மதிப்பைத்தான். பயிற்சிக்கு முன் அந்த ஆறடித் தரையைப் பெருக்குவது, கொடியில் தொங்கும் துணிகளை ஒதுக்குவது, கைபேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைப்பது, முடிந்தபின் விரிப்பை மடித்து அதன் இடத்தில் வைப்பது. இவை சிறிய செயல்களாகத் தோன்றும். இவற்றைச் செய்யும் நாட்களில் பயிற்சி அரைகுறையாக நிற்பதில்லை என்பதைச் செய்து பார்ப்பவர் அறிந்துகொள்வார்.

விரிப்பைப் பற்றி ஒரு சொல். கடைகளில் சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் வரை விலையுள்ள ரப்பர், பிளாஸ்டிக் விரிப்புகள் இருக்கின்றன. அவை இல்லாமல் பயிற்சி இயலாது என்பது அண்மைக்காலத்து எண்ணம். தர்ப்பை, தோல், துணி ஆகியவற்றாலான இருக்கையைத்தான் கீதை பேசுகிறது. மகாராஷ்டிரத்து மாணவர்களின் பெட்டியில் பெரும்பாலும் ஒரு சோலாப்பூர் சாதர் இருக்கும். கெட்டியான பருத்தி நெசவு, மடித்தால் தடிப்பாகும். அமரும், படுக்கும் நிலைகளுக்கு அது போதுமானது. ஆனால் வழவழப்பான கல் தரையில் அதன்மேல் நின்று ஆசனம் செய்யலாகாது, வழுக்கும். நிற்கும் ஆசனங்களை வெறுங்காலோடு வெறுந்தரையில் செய்ய வேண்டும். இந்த ஒரு விதியைக் காத்தாலே பல காயங்களைத் தவிர்க்கலாம்.

புனேக்கு வந்த இளைஞர்

1937-ஆம் ஆண்டு இதே புனேக்கு, பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். கர்நாடகத்தின் பெள்ளூரில் 1918-இல் பிறந்தவர். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் ஆகியவற்றால் இளமையிலேயே நலிந்தவர். மைசூரில் தம் சகோதரியின் கணவரான கிருஷ்ணமாச்சார்யரிடம் சில ஆண்டுகள் இருந்தபோது ஆசனங்களைக் கற்றார். டெக்கான் ஜிம்கானாவில் ஆறு மாத காலம் யோகம் கற்பிக்க அனுப்பப்பட்டார். ஊரின் மொழி தெரியாது. அவரிடம் கற்க வந்த கல்லூரி மாணவர்கள் அவரைவிட உடற்கட்டு உடையவர்கள். அவர்தாம் பின்னாளில் உலகம் அறிந்த பி.கே.எஸ். ஐயங்கார்.

ஆறு மாதத்துக்கு வந்தவர் அந்நகரிலேயே தங்கிவிட்டார். தொடக்க ஆண்டுகளில் வறுமை அவரைக் கடுமையாக வாட்டியது. உணவுக்கே வழியின்றிக் கழிந்த நாட்களும் உண்டு. குருவோ தொலைவில் இருந்தார். நாள்தோறும் பல மணி நேரம் தனியே பயின்று, தம் உடலையே சோதனைச்சாலையாக்கிக்கொண்டார். செங்கல், கயிறு, நாற்காலி, போர்வை போன்ற எளிய பொருள்களின் துணையோடு ஆசனங்களில் சரியான நிலையைக் கண்டறியும் முறை அவரிடம் வளர்ந்தது. இன்று அம்முறைக்கான பலகைகளும் பட்டைகளும் உலகெங்கும் விலைக்கு விற்கப்படுகின்றன. வீட்டிலும் தெருவிலும் கிடைத்த பொருள்களில் தொடங்கிய ஒன்று விலைப்பட்டியலாக மாறியிருப்பதை நினைத்தால் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. 1966-இல் வெளிவந்த 'லைட் ஆன் யோகா' என்ற நூலும், 1975-இல் புனேயில் மனைவி ரமாமணியின் பெயரால் அமைந்த நிலையமும் அவர் பின்னர் பெற்ற உயரங்கள். மாணவர் கற்க வேண்டியது அவற்றுக்கு முந்தைய முப்பது ஆண்டுகளிலிருந்து. அவரது பசியை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. பசியோடிருந்தபோதும் 'வசதி வந்தபின் செய்யலாம்' என்று அவர் ஒத்திவைக்கவில்லை என்பதையே கொள்ள வேண்டும்.

அவர் வழியில் பார்த்தால் மூன்று கட்டில்கள் கொண்ட அறை அவ்வளவு வெறுமையானதன்று. நாள் முழுதும் மேசைமேல் குனிந்திருந்த முதுகுக்கு, அசையாத கட்டிலின் சட்டத்தையோ சன்னல் விளிம்பையோ பிடித்து, இடுப்பிலிருந்து முன்வளைந்து முதுகை நீட்டி நிற்பது மிகுந்த பயன் தரும். திரிகோணாசனத்துக்குச் சுவர் துணை. கை தரையை எட்டாதபோது இரண்டு செங்கற்கள். கால்களை எட்டிப் பிடிக்க ஒரு பழைய துண்டு. புஜங்காசனத்துக்கும் சலபாசனத்துக்கும் எதுவுமே வேண்டாம். இறுதியில் தரையில் படுத்து, முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியைக் கட்டில்மேல் வைத்துக் கண்மூடி ஐந்து நிமிடம் இருக்கலாம்.

இடம் குறைவு என்று தயங்குவோர் சாதாரா பகுதியில் இருந்த ஔந்த் என்ற சிறு சமஸ்தானத்தையும் நினைக்கலாம். அதன் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி (1868–1951) சூரிய நமஸ்காரத்தைத் தாமும் தவறாமல் செய்து, தம் பள்ளிகளிலும் கற்பிக்கச் செய்தார். கருவியோ கூடமோ வேண்டாத, ஒருவர் படுக்கும் அளவு தரையே போதுமான பயிற்சி அது. ஓர் அரசர் தேர்ந்தெடுத்த பயிற்சி ஓர் ஏழை மாணவருக்கும் எட்டுவதாக இருக்கிறது.

ஆசிரியரும் அறைத்தோழர்களும்

இவ்வளவு கூறியபின்னும், திருத்தும் கண் ஒன்று வேண்டும் என்பதை மறுக்க முடியாது. கைபேசித் திரையில் வரும் ஆசிரியர் மாணவரைப் பார்ப்பதில்லை. மாணவர்தாம் அவரைப் பார்க்கிறார். சிரசாசனம், சர்வாங்காசனம், மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம், வேகமான கபாலபாதி ஆகியவற்றை நேரில் ஒருவரிடம் கற்காமல் தொடங்கலாகாது. அதுவரை எளியவற்றோடு நிற்பதில் குறைவேதும் இல்லை. 2015 முதல் ஜூன் 21-ஆம் நாள் கொண்டாடப்படும் சர்வதேச யோகா தினத்துக்காக மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்டுள்ள பொது யோகப் பயிற்சி முறை விலையின்றிக் கிடைக்கிறது. சுமார் முக்கால் மணி நேரத்தில் முடியும் அது, பெரும்பாலோர் செய்யத்தக்க நிலைகளைக் கொண்டது. அதிலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியரைத் தேடிச் சென்று நிலைமையைச் சொல்லிக் கேட்பதற்கு மாணவர்கள் வெட்கப்படுகிறார்கள். பழைய புனேயில் ஏழை மாணவர்கள் ஏழு நாளும் ஏழு வீடுகளில் முறைவைத்து உண்டு படித்தார்கள். வீடு வீடாகச் சென்று பெறும் உணவுக்கு 'மாதுகரி' என்று பெயர். பல மலர்களில் தேன் சேர்க்கும் வண்டின் செயல். தஞ்சைப் பகுதியிலும் 'வாரச் சாப்பாடு' என்று அதே வழக்கம் இருந்ததைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவர்கள் அதனால் தாழ்ந்துவிடவில்லை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் வந்து திருத்திக்கொள்ள அனுமதி கேட்பதும், அதற்கு ஈடாகக் கூடத்தைப் பெருக்கி விரிப்புகளை அடுக்கித் தருவதும் குருகுல மரபுக்கு மிக நெருங்கியவை. நல்ல ஆசிரியர் மறுப்பது அரிது. ஒருவர் மறுத்தால் இன்னொருவர் இருக்கிறார்.

மற்றொரு தயக்கம் அறைத்தோழர்களின் கண். கேலி ஒரு வாரம் நீடிக்கும். பிறகு அவர்களுக்கே அது பழகிவிடும். 1896-இல் வெளிவந்த 'ராஜயோகம்' நூலில் சுவாமி விவேகானந்தர், வசதி உள்ளவர்கள் பயிற்சிக்கென ஓர் அறையை ஒதுக்கட்டும் என்று கூறிவிட்டு, அது இயலாதவர்கள் விருப்பமான எந்த இடத்திலும் பயிலலாம் என்று இடம் தருகிறார். அறை ஒத்துவராவிட்டால் மொட்டைமாடி உண்டு. சதாசிவ் பேட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் சாரஸ் பாக் பூங்காவும், பேஷ்வாக்கள் கட்டிய கோயில் உள்ள பர்வதி குன்றும் இருக்கின்றன. விடியற்காலையில் அக்குன்றின் படிகளில் ஏறுவோர் பலர். மாணவியருக்கு இந்த யோசனை முழுதும் பொருந்தாது. இருட்டு விலகாத வேளையில் தனியே பூங்காவுக்குப் போ என்று அவர்களிடம் சொல்வது பொறுப்பாகாது. விடுதியின் பொது அறையில் இருவர் மூவர் சேர்ந்து ஒரு நேரத்தை வகுத்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது. ஒருவர் சோர்ந்த நாளில் மற்றவர் எழுப்புவார். வகுப்பின் துணை, கட்டணமின்றியே கிடைத்துவிடும்.

ஒன்பது தடைகளைக் கூறியபின், அவற்றை விலக்கும் வழியாகப் பதஞ்சலி சொல்வது ஒரே தத்துவத்தைப் பயில்வது. உரையாசிரியர்கள் அதற்கு ஆழ்ந்த பொருள் உரைத்திருக்கிறார்கள். மாணவர் அதன் எளிய பயனையும் எடுத்துக்கொள்ளலாம். இன்று ஒரு காணொளி, நாளை வேறொரு முறை என்று அலையாமல், இருபத்தைந்து நிமிடத்துக்குள் அடங்கும் ஒரு வரிசையை அமைத்து, ஆறு மாதம் அதை மாற்றாதிருப்பது: ஆறு சுற்று சூரிய நமஸ்காரம், முதுகை நீட்டும் நான்கு ஆசனங்கள், மூச்சை நிறுத்தாத நாடிசுத்தி ஐந்து நிமிடம், அமைதியாக அமர்தல் ஐந்து நிமிடம். தேர்வு வாரத்தில் கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அவற்றை விடலாகாது.

பீட் மாவட்டத்து மாணவர் மாலை ஆறு மணிக்கு அப்யாசிகாவிலிருந்து எழுந்து வருகிறார். அறைத்தோழர் இருவரும் தேநீர் அருந்தப் போயிருக்கும் அரைமணி நேரம் அது. தரையைப் பெருக்குகிறார், நிற்கும் ஆசனங்களை வெறுந்தரையில் முடித்துக்கொண்டு, சாதரை மடித்து விரிக்கிறார். எட்டு மணிக்கு மெஸ். இரவு கட்டிலுக்கு வரும்போது அதே சாதரை உதறிப் போர்த்திக்கொள்கிறார். குளிருக்கு அவரிடம் இருப்பதும் அது ஒன்றுதான்.